குமிழ் ஒன்று, ஜாக் இரண்டு: மாடுலர் சிந்தசைசர் கட்டத் தொடங்குகிறவருக்கு

மாடுலர் சிந்தசைசர் என்பது மாட்யூல் எனப்படும் தனித்தனிப் பகுதிகளைக் கேபிளால் இணைத்து ஒலி எழுப்பும் மின்னிசைக் கருவி. நான் கட்டிய முதல் மாட்யூலுக்கு மின்சாரமே வேண்டாம். ஒரு குமிழ், இரண்டு ஜாக், சில துண்டு ஒயர், அவ்வளவுதான். உள்ளே வரும் சிக்னலைக் குறைத்து வெளியே விடும். அட்டெனுவேட்டர் என்று பெயர். ஆறு வருஷத்தில் 23 மாட்யூல் கட்டிவிட்டேன். அதில் நாலைந்து பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனாலும் எந்த இரவு பெட்டி முன்னால் உட்கார்ந்தாலும் கை முதலில் போவது அந்தக் குமிழுக்குத்தான்.

பகலில் எனக்குக் கணக்கு எழுதுகிற வேலை. எலக்ட்ரானிக்ஸ் படித்ததில்லை, சங்கீதமும் முறையாகக் கற்றதில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம், வாரத்தில் நாலு நாள் கிடைக்கும். ஏறக்குறைய என் நிலைமையில் இருப்பவருக்காகவே இதை எழுதுகிறேன். சர்க்யூட் தெரிந்தவர்கள் முதல் பாதியைத் தாண்டிப் போகலாம்.

சாதாரண சிந்தசைசரில் ஒலியைப் பிறப்பிக்கும் ஆஸிலேட்டர், அந்த ஒலியைச் சீவி மென்மையாக்கும் ஃபில்டர், சத்தத்தை ஏற்றி இறக்கும் வி.சி.ஏ. எல்லாம் உள்ளேயே இணைத்து மூடிவைத்திருப்பார்கள். மாடுலரில் ஒவ்வொன்றும் தனித்தனிப் பலகை. எதை எதோடு சேர்ப்பது என்பது உங்கள் கையிலிருக்கும் கேபிளின் பாடு. 1960களின் நடுவில் நியூயார்க் மாநிலத்தில் ராபர்ட் மூக்கும், சான் பிரான்சிஸ்கோ பக்கம் டான் புக்லாவும், ஒருவரையொருவர் பார்த்துச் செய்யாமலேயே இந்த வழிக்கு வந்து சேர்ந்தார்கள். இருவருக்கும் பொதுவான யோசனை ஒன்றுதான்: குமிழைக் கை திருப்புவதற்குப் பதிலாக வோல்டேஜ் திருப்பட்டும். கட்டுப்படுத்துவதும் வோல்டேஜ், கட்டுப்படுவதும் வோல்டேஜ். இது மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

இன்று வீட்டில் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் பின்பற்றுவது யூரோராக் அளவு. 1990களின் நடுவில் ஜெர்மனியில் டீட்டர் டோஃப்ஃபர் தன் ஏ-100 வரிசைக்காக வைத்துக்கொண்ட அளவு அது. பலகையின் உயரம் 128.5 மில்லிமீட்டர். அகலத்தை எச்.பி. என்ற அலகில் சொல்வார்கள், 1 எச்.பி. என்பது 5.08 மில்லிமீட்டர். ஜாக் 3.5 மில்லிமீட்டர் மோனோ. மின்சாரம் +12 வோல்ட், −12 வோல்ட், சில மாட்யூல்களுக்குக் கூடுதலாக +5. சுருதிக்கு ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, ஏறும். புக்லா கருவிகளில் அது 1.2 வோல்ட். அதனால் யாராவது பழைய புக்லா வகைப் பலகையைக் கொண்டுவந்து நீட்டினால் அவசரப்பட்டுச் சேர்த்துவிடாதீர்கள்.

வாங்கும் முன்

முதல் மாதம் ஒரு பொருளும் வாங்காதீர்கள். 2017இல் வெளிவந்த விசிவி ராக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கணினித் திரையிலேயே மாட்யூல்களை அடுக்கி, கேபிள் இழுத்து, வாசிக்கலாம். அதில் இரண்டு வாரம் விளையாடுங்கள். விளையாடும்போது ஒரு காகிதத்தில், எந்த மாட்யூலை எத்தனை முறை இழுத்துப் போட்டீர்கள் என்று கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். வேலைப்புத்தி, நான் அப்படித்தான் செய்தேன். ஆஸிலேட்டருக்கு 14 கோடு. வி.சி.ஏ., சிக்னல்களைக் கலக்கும் மிக்ஸர், அட்டெனுவேட்டர் மூன்றும் சேர்ந்து 61. கடையில் கண்ணைப் பறிப்பது ஆஸிலேட்டர், உண்மையில் தேவைப்படுவது மற்ற மூன்றும். இதைக் காகிதத்தில் பார்த்திராவிட்டால் நானும் ஐந்து ஆஸிலேட்டர் வாங்கிவிட்டு, ஐந்தும் ஒரே நேரத்தில் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பெட்டி

என் பெட்டி ஒரு பழைய மேசையின் இழுப்பறை. உள் அகலம் 39 சென்டிமீட்டர் இருந்தது, அதில் 76 எச்.பி. சரியாக உட்கார்ந்தது. இரண்டு அலுமினியத் தண்டவாளம், அவற்றின் பள்ளத்தில் நகரும் எம்3 நட்டுகள், நாலு மர ஸ்க்ரூ. தண்டவாளங்களுக்கு இடையே இடைவெளியை அளந்து துளை போடாதீர்கள். ஒரு உண்மையான பலகையை, அல்லது 128.5 மில்லிமீட்டருக்கு வெட்டிய அட்டையை, இரண்டு ஓரத்திலும் ஸ்க்ரூ போட்டுப் பொருத்திப் பார்த்துவிட்டு அப்புறம் துளையிடுங்கள். நான் ஸ்கேலை நம்பி அளந்தேன், இடது ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் விரிந்துவிட்டது. அந்த ஓரத்தில் உட்காரும் மாட்யூல் இன்றைக்கும் கொஞ்சம் தொங்கும்.

ஆழம் முக்கியம். பின்னால், மாட்யூலுக்கு மின்சாரம் கொண்டுவரும் தட்டையான ரிப்பன் கேபிள் மடங்க இடம் வேண்டும். என் இழுப்பறை 9 சென்டிமீட்டர் ஆழம், அது தாராளம்.

மின்சாரத்தில் மட்டும் கைவேலைப் பெருமை வேண்டாம். சுவர் மின்சாரத்தை நேரடியாகப் பெட்டிக்குள் கொண்டுவராதீர்கள். வெளியே அடாப்டர், உள்ளே குறைந்த டிசி மட்டும் வாங்கும் சப்ளை போர்டு: இப்படித் தொடங்கினால் உயிருக்கு ஆபத்தில்லை. அடுத்து, வரவுசெலவு. ஒவ்வொரு மாட்யூலும் +12இல் எத்தனை மில்லி ஆம்பியர் தின்னும், −12இல் எத்தனை என்று அதன் தயாரிப்பாளர் எழுதியிருப்பார். இரண்டு பத்தி போட்டுத் தனித்தனியாகக் கூட்டுங்கள். ஒன்றில் மிச்சமிருப்பதால் இன்னொன்றின் பற்றாக்குறை தீராது. என் சப்ளை +12இல் 1000, −12இல் 500 தரும். என் கணக்கில் இப்போது +12க்கு 640, −12க்கு 410. அதாவது +12 பக்கம் ஏராளம் இருக்கிறது, −12 பக்கம் 82 சதவீதம் போய்விட்டது. கால்பங்கு கையிருப்பு இருக்கட்டும் என்பது என் வழக்கம். அதை மீறிவிட்டதால் புது மாட்யூலுக்கு இப்போதைக்கு இடமில்லை. பெட்டியில் காலியிடம் இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

ரிப்பன் கேபிளில் ஓர் ஓரம் சிவப்பாக இருக்கும். டோஃப்ஃபர் வழக்கப்படி சிவப்பு என்றால் −12 வோல்ட். பிளஸ் என்று நினைத்துக்கொள்வதுதான் மனித இயல்பு. நானும் அப்படி நினைத்தேன். விலை கொடுத்து வாங்கிய ஒரு ஃபில்டரைத் தலைகீழாகச் செருகி ஸ்விட்சைப் போட்டேன். சத்தமில்லை, பொறியில்லை. ஒரு மெல்லிய கருகல் வாடை மட்டும், நகம் பொசுங்கினாற்போல. இரண்டு ஐசி (சில்லு) போயிற்று. அன்றிலிருந்து நான் கட்டும் எல்லாவற்றிலும் +12, −12 இரண்டு வழியிலும், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்5817 டயோடு ஒவ்வொன்று போடுகிறேன். தலைகீழாகச் செருகினால் மின்சாரம் உள்ளே போகாது. ரிப்பனின் இரண்டு முனையிலும் மார்க்கர் பேனாவால் கழித்தல் குறியும் போட்டுவைத்திருக்கிறேன்.

முதல் மூன்று வேலைகள்

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெப்பம் கட்டுப்படுத்தக்கூடிய சால்டரிங் அயன், 0.7 மில்லிமீட்டர் ஈயக் கம்பி, சிறு கட்டர், ஈயம் உறிஞ்சும் பம்பு, மல்டிமீட்டர். ஈயம் கலந்த கம்பிக்கு நான் வைக்கும் சூடு 350 டிகிரி. ஜன்னலைத் திறந்துவையுங்கள், முடித்ததும் கை கழுவுங்கள். அயன் நுனியால் ஈயத்தை உருக்கி மேலே பூசக் கூடாது. உதிரியின் உலோகக் காலையும் சர்க்யூட் பலகையில் அதைச் சுற்றியுள்ள வளையத்தையும் சேர்த்துச் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயம் தானே ஓடவேண்டும். ஓடினால் இணைப்பு பளபளப்பான சிறு கூம்பாக நிற்கும். உருண்டையாக நின்றால் மறுபடியும் சூடாக்குங்கள்.

முதல் வேலை அட்டெனுவேட்டர். 100 கிலோ ஓம் லீனியர் பொட்டென்ஷியோமீட்டர் (குமிழ் மாட்டும் உதிரி) ஒன்று வாங்குங்கள், மேலே பி100கே என்று இருக்கும். ஏ என்று தொடங்கினால் அது லாக் வகை, இங்கே வேண்டாம். குமிழின் தண்டு உங்களைப் பார்க்க, மூன்று காலும் கீழே பார்க்கப் பிடியுங்கள். வலது கால் உள்ளே வரும் ஜாக்கின் முனைக்கு. இடது கால் கிரவுண்டுக்கு, அதாவது பூஜ்யம் வோல்ட் பொது இணைப்புக்கு. நடுக்கால் வெளியே போகும் ஜாக்கின் முனைக்கு. இரண்டு ஜாக்கின் கிரவுண்டையும் சேர்த்துவிடுங்கள். ஒரே எச்சரிக்கை: சால்டர் செய்யும்போது அதைத் திருப்பிப் பிடித்திருப்பீர்கள், அப்போது இடம் வலமாகும். என் முதல் அட்டெனுவேட்டர் வலப்பக்கம் திருப்பினால் குறையும். மாற்றவில்லை. கை அதற்கே பழகிவிட்டது.

இரண்டாவது வேலை மல்ட். நாலு ஜாக்கின் முனைகளையும் ஒரே ஒயரில் கோத்துவிட்டால் ஒரு சிக்னலை மூன்று இடத்துக்கு அனுப்பலாம். பத்து நிமிஷ வேலை. இதில் இரண்டு சங்கதி. ஒன்று, இரண்டு வெளியீடுகளை ஒரே மல்டில் செருகிக் கலக்கப் பார்க்காதீர்கள். அவை ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், கலப்பதற்கு மிக்ஸர்தான். இரண்டு, சுருதி வோல்டேஜை இதன் வழியாக அனுப்பும்போது சுருதி வழுக்கும். வெளியீட்டில் 1 கிலோ ஓம், உள்ளீடு ஒவ்வொன்றிலும் 100 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஆஸிலேட்டர் செருகியிருந்தால் ஒரு சதவீதம் குறையும். மூன்று செருகினால் மூன்று சதவீதம் குறையும். சதவீதத்தில் பார்த்தால் அற்பம். ஆனால் இரண்டு ஆக்டேவ் மேலே போனதும் அந்த இரண்டு சதவீத வித்தியாசம் ஏறக்குறைய பாதிச் சுரப்படி (ஒரு ஆக்டேவில் பன்னிரண்டு சுரப்படி) இறங்கி ஒலிக்கும். கேட்பவர் முகம் சுளிக்க அது போதும். சுருதிக்கு பஃபர் உள்ள மல்ட் வேண்டும், அது வோல்டேஜ் குறையாமல் நகலெடுத்துத் தரும். மற்ற எல்லாவற்றுக்கும் இந்தப் பத்து நிமிஷ மல்ட் போதும்.

மூன்றாவதுதான் சத்தம் போடும். சிடி40106 என்று ஒரு ஐசி, உள்ளே ஆறு ஷ்மிட் டிரிகர் இன்வெர்ட்டர்: உள்ளே வோல்டேஜ் ஏறினால் வெளியே இறங்கும், இறங்கினால் ஏறும். சால்டர் இல்லாமல் உதிரிகளைக் குத்திப் பார்க்கும் பிரெட்போர்டில் குத்தி, 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை 14ஆம் காலுக்கும் மைனஸை 7ஆம் காலுக்கும் கொடுங்கள். அந்த இரண்டுக்கும் இடையே 100 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. 1ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு (இங்கே பேட்டரியின் மைனஸ்) இன்னொரு 100 நானோ ஃபாரட். 1ஆம் காலுக்கும் 2ஆம் காலுக்கும் இடையே 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 1 மெகா ஓம் குமிழும் தொடராக. வேறெதுவும் இல்லை, 2ஆம் காலில் சதுர அலை வந்துகொண்டிருக்கும். கெப்பாசிட்டர் நிரம்புகிறது, இன்வெர்ட்டர் கவிழ்கிறது, கெப்பாசிட்டர் வடிகிறது, மறுபடியும் கவிழ்கிறது. குமிழ் அந்த நிரம்பும் வேகத்தைத்தான் மாற்றுகிறது. ஒரு கோடியில் கட்கட்கட் என்று நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு தட்டு, மறுகோடியில் ஆயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டிய கீச்சு. 100 நானோ ஃபாரடுக்குப் பதில் 1 மைக்ரோ ஃபாரட் போட்டால் எல்லாம் பத்து மடங்கு மெதுவாகும், அதையே தாளத்துக்கு கிளாக்காக வைத்துக்கொள்ளலாம். பயன்படுத்தாத இன்வெர்ட்டர்களின் உள்ளீட்டுக் கால்களை, அதாவது 3, 5, 9, 11, 13, கிரவுண்டோடு சேர்த்துவிடுங்கள். அந்தரத்தில் விட்டால் காற்றிலுள்ள மின்னிரைச்சலையெல்லாம் பிடித்து ஆடும்.

ஒலிபெருக்கியில் நேராகச் செருகாதீர்கள். 2ஆம் காலிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதற்கப்பால் 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் (நெட்டைக்கால் ஐசி பக்கம்), அதற்கப்பால் முதலில் கட்டினீர்களே அந்த அட்டெனுவேட்டர். குமிழ் பூஜ்யத்தில் இருக்கட்டும். மெல்ல ஏற்றுங்கள். ஹெட்போன் காதில் இருக்கும்போது ஏற்றவே ஏற்றாதீர்கள்.

நான் இதைக் கட்டிய இரவு அக்கா மகன் வீட்டில் தங்கியிருந்தான். கதவோரம் நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "மாமா, இது பாட்டா, பழுதா?" என்றான். இன்னும் பதில் சொல்லவில்லை.

இந்த ஆஸிலேட்டர் ஒரு வோல்டுக்கு ஒரு ஆக்டேவ் என்ற விதிக்கு அடங்காது. ராகம் வாசிக்க உதவாது. ஆனால் ஆறு இன்வெர்ட்டரையும் ஆறு ஆஸிலேட்டராக்கி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் விலக்கி, 100 கிலோ ரெசிஸ்டர் ஆறு வழியாக ஒன்றுசேர்த்துக் கேளுங்கள். கூடு கலைந்த தேனீக்கள்.

கிட் கட்டும்போது

இதற்கப்புறம் கிட் வாங்கலாம். பிசிபி (உதிரிகளைச் சால்டர் செய்யும் சர்க்யூட் பலகை), முன்பலகை, உதிரி எல்லாம் ஒரு பொட்டலத்தில் வரும். தொடக்கத்தில் கால் உள்ள உதிரிகள் உள்ள கிட்டையே தேர்ந்தெடுங்கள், பலகை மேல் ஒட்டும் எறும்புத்தலை அளவு உதிரிகள் அடுத்த வருஷம். குட்டையானதிலிருந்து நெட்டையானதுக்குப் போவது சால்டர் வரிசை: ரெசிஸ்டர், டயோடு, ஐசி சாக்கெட், சின்ன கெப்பாசிட்டர், டிரான்சிஸ்டர், பவர் ஹெடர், உருளைக் கெப்பாசிட்டர். டயோடின் கோடு பிசிபியில் வரைந்த கோட்டோடு பொருந்தவேண்டும். உருளைக் கெப்பாசிட்டரின் நெட்டைக்கால் பிளஸ், உடம்பிலுள்ள பட்டை மைனஸ். குமிழையும் ஜாக்கையும் கடைசியாகக்கூட உடனே சால்டர் செய்யாதீர்கள். துளையில் சும்மா நிறுத்தி, முன்பலகையை மாட்டி, நட்டுகளை முடுக்கி, எல்லாம் நேராக உட்கார்ந்தபின் ஈயம் வையுங்கள். ஒருமுறை எட்டு ஜாக்கை முதலிலேயே சால்டர் செய்துவிட்டு, பலகையின் துளைகளுக்குள் நுழையாமல், எட்டையும் உறிஞ்சி எடுத்தேன். இரண்டு வளையம் பிய்ந்துகொண்டு வந்தது.

ரெசிஸ்டர் நிறத்தை நம்பாதீர்கள். ஒரு சதவீத ரெசிஸ்டரில் 1 கிலோ என்பது பழுப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு, பழுப்பு. 100 கிலோ என்பது பழுப்பு, கறுப்பு, கறுப்பு, ஆரஞ்சு, பழுப்பு. இரவு மஞ்சள் விளக்கில் பழுப்பும் ஆரஞ்சும் அண்ணன் தம்பி. நான் கட்டிய ஸீக்வென்ஸரின் (சுரங்களுக்கான வோல்டேஜைப் படிப்படியாக அனுப்பும் மாட்யூல்) வெளியீட்டில் 1 கிலோவுக்குப் பதில் 100 கிலோ போய் உட்கார்ந்துவிட்டது. ஒரு ஆக்டேவ் ஏற்றினால் அரை ஆக்டேவ்தான் ஏறியது. நான் ஆஸிலேட்டரைச் சந்தேகப்பட்டேன். அதன் டிரிம்பாட்டை (சுதியைச் சரிசெய்யும் சிறு திருகு) மூன்று இரவு திருகினேன், சரியாக இருந்த சுருதியையும் கெடுத்தேன். நாலாவது இரவுதான் பொறி தட்டியது: வெளியீட்டில் 100 கிலோ, எதிரே உள்ளீட்டில் 100 கிலோ, பாதிக்குப் பாதி. ஐந்தொகையில் வரும் வித்தியாசம் ஒரு பதிவின் தொகையைப்போலச் சரியாக இரண்டு மடங்காக இருந்தால் எங்கள் தொழிலில் ஒரு பதிவு தப்பான பக்கத்தில் விழுந்திருக்கிறது என்று தெரியும். இங்கேயும் அதே வியாதிதான், எனக்கு மூன்று இரவு பிடித்தது. இப்போதெல்லாம் ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மல்டிமீட்டரில் வைத்துப் படித்துவிட்டுத்தான் காலை மடக்குகிறேன்.

ஐசிகளைச் சாக்கெட்டில் போடாமலேயே முதல் மின்சாரம் கொடுங்கள். அதற்கும் முன்னால் மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, +12க்கும் கிரவுண்டுக்கும், −12க்கும் கிரவுண்டுக்கும், +12க்கும் −12க்கும் இடையே தொட்டுப் பாருங்கள். தொடர்ந்து பீப் அடித்தால் எங்கோ ஈயம் பாலம் போட்டிருக்கிறது. அடிக்காவிட்டால் மின்சாரம் கொடுத்து, காலியான சாக்கெட்டில் அளந்து பாருங்கள். அங்கே உட்கார வேண்டிய ஐசி டிஎல்072 என்றால் 8ஆம் காலில் +12, 4ஆம் காலில் −12. டிஎல்074 என்றால் 4ஆம் காலில் +12, 11ஆம் காலில் −12. டயோடு இருந்தால் சில நூறு மில்லிவோல்ட் குறையும், கவலை வேண்டாம். சரியாக வந்தால் அணைத்துவிட்டு, ஐசியின் பிறைவெட்டு எந்தப் பக்கம் என்று பார்த்துச் செருகி, மறுபடியும் போடுங்கள். ஐசி மேல் விரலை வையுங்கள். விரல் தாங்காத சூடு என்றால் உடனே அணையுங்கள்.

ஆஸிலேட்டருக்குச் சுதி சேர்ப்பது தனி வேலை. அரை மணி நேரம் ஓடவிட்டு உடம்பு சூடானபின் தொடங்குங்கள். ஒரு சுரப்படி என்பது 1/12 வோல்ட், அதாவது 83.3 மில்லிவோல்ட். ஒரு மில்லிவோல்ட் தவறினால் 1.2 சென்ட் (சுரப்படியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) போகும். பூஜ்யம் வோல்ட் கொடுத்து டியூனரில் ஒரு சுரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு வோல்ட் ஏற்றுங்கள். ஆக்டேவ் அகலமாக வந்தால் டிரிம்பாட்டை ஒரு பக்கம் கொஞ்சம், குறுகலாக வந்தால் மறுபக்கம் கொஞ்சம். அதைத் திருகியதும் கீழ்ச்சுரமும் நகர்ந்திருக்கும். கீழே போய் மறுபடியும் சேர்த்து, மேலே வந்து மறுபடியும் பாருங்கள். எட்டுப் பத்து முறை ஏறி இறங்கவேண்டும். ஓரிரு சென்ட் வித்தியாசத்தில் நிறுத்திவிடுங்கள், மேலே முயன்றால் பைத்தியம் பிடிக்கும்.

கட்டுவதற்கு என்ன தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், வி.சி.ஏ. இரண்டு, மிக்ஸர் ஒன்று, ஒவ்வொரு தட்டுக்கும் ஏறி இறங்கும் வோல்டேஜ் தரும் என்வலப் ஒன்று, ஃபில்டர் ஒன்று, சுதி நிற்கிற ஆஸிலேட்டர் ஒன்று. அப்புறம் ஆசைக்கு டியூரிங் மெஷின். டாம் விட்வெல் வடிவமைத்து எல்லோருக்கும் திறந்துவிட்ட சர்க்யூட் அது. தாறுமாறான வோல்டேஜை 16 படிச் சுழற்சியில் ஓட்டும். பெரிய குமிழ் நடுவில் இருந்தால் ஒவ்வொரு சுற்றும் புதிது, வலது கோடிக்குத் திருப்பினால் அப்போது ஓடுவது அப்படியே பூட்டிக்கொள்ளும். கொஞ்சம் முன்னால் நிறுத்தினால் எப்போதாவது ஒரு சுரம் மட்டும் மாறும். மணிக்கணக்கில் போகும், சொல்லிவைக்கிறேன்.

வாசிப்பது

முதல் பேட்ச், அதாவது கேபிள் இணைப்பு, எல்லோருக்கும் ஒன்றுதான். ஆஸிலேட்டரின் ரம்ப அலை ஃபில்டருக்கு, ஃபில்டர் வி.சி.ஏ.வுக்கு, வி.சி.ஏ. வெளியே. கிளாக் என்வலப்பைத் தட்டிவிட, என்வலப் வி.சி.ஏ.வைத் திறந்து மூடும். இதுவரை எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். இப்போது அதே என்வலப்பை மல்டில் பிரித்து, ஒரு கிளையை அட்டெனுவேட்டர் வழியாக ஃபில்டரின் கட்ஆஃபுக்கு (ஒலியை எந்த இடத்தில் சீவுவது என்ற அமைப்புக்கு) அனுப்புங்கள். குமிழ் பூஜ்யத்தில் இருக்கும்போது ஒலி மூடிய பெட்டிக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். பத்தில் ஒரு பங்கு திருப்பினால் சுரத்துக்கு உதடு முளைக்கும். கால்பங்கில் பேசும். முழுக்கத் திருப்பினால் கத்தும். புதிதாக வருகிறவர்கள் கேபிளை நேராகச் செருகிவிட்டு, கத்தலைக் கேட்டு, "இந்த ஃபில்டர் சரியில்லை" என்று விற்றுவிடுகிறார்கள். மாட்யூல்கள் கொடுப்பது எட்டு வோல்ட், பத்து வோல்ட். உங்களுக்கு வேண்டியது அதில் அரை வோல்ட்.

இந்தப் பேட்சை ஒரு வாரம் கலைக்காதீர்கள். தினமும் ஒரே ஒரு குமிழை மட்டும் ஐந்து நிமிஷம் தொட்டுக்கொண்டிருங்கள். கேபிள் செருகுவது வேறு, வாசிப்பது வேறு. வயலின்காரர் வில்லோடு செய்வதை நீங்கள் கட்ஆஃப் குமிழோடு செய்யலாம், விரல் அதன் பாதையை மனப்பாடம் செய்யும்வரை.

அடுத்து தாளம். கிளாக்கின் தட்டுகளில் இத்தனைக்கு ஒன்றை மட்டும் வெளியே விடுகிற கிளாக் டிவைடரில் 3ஆல் வகுத்ததையும் 4ஆல் வகுத்ததையும் எடுங்கள். மூன்று ஒரு என்வலப்பைத் தட்டட்டும், நாலு ஸீக்வென்ஸரை நகர்த்தட்டும். பன்னிரண்டு தட்டுக்கு ஒருமுறை இரண்டும் ஒன்றுசேரும், நடுவில் உரசிக்கொள்ளும். ஸீக்வென்ஸரை ஏழு படியில் திருப்பி முதலுக்குக் கொண்டுவந்தால் மிஸ்ரத்தின் நொண்டல் நடை வந்துவிடும். ஸீக்வென்ஸருக்கும் ஆஸிலேட்டருக்கும் நடுவே வோல்டேஜ் மாறும் வேகத்தைக் குறைக்கும் ஸ்லூ லிமிட்டர் வைத்தால் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும். ஒரு சுரத்துக்கு மட்டும் வழுக்கல் வேண்டும் என்றால் அந்தப் படி ஓடும்போது மட்டும் வோல்டேஜ் தரும் கேட் வெளியீட்டைக் கொண்டு ஸ்லூவின் வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். எல்லாச் சுரமும் வழுக்கினால் அலுத்துவிடும்.

எனக்கு மிகப் பிடித்தது தானே ஓடும் பேட்ச். ஏறி இறங்கும் ஃபங்ஷன் ஜெனரேட்டர் ஒன்று வேண்டும், சுழற்சி முடிந்ததும் ஒரு தட்டு கொடுக்கிற வகை. அந்தத் தட்டை அதன் சொந்த டிரிகருக்கே கொடுத்தால் ஓயாமல் சுற்றும். மல்டில் பிரித்து அதே தட்டை சாம்பிள் அண்ட் ஹோல்டுக்கும் கொடுங்கள். சாம்பிள் அண்ட் ஹோல்டின் உள்ளே இரைச்சல் மாட்யூல். ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒரு தற்செயல் வோல்டேஜ் பிடித்து நிற்கும். அந்த வோல்டேஜை ஆஸிலேட்டரின் சுருதிக்கு ஒரு கிளை, ஃபங்ஷன் ஜெனரேட்டரின் ஏறும் நேரத்துக்கு ஒரு கிளை, இரண்டாவது கிளையில் அட்டெனுவேட்டர். ஏறி இறங்கும் அலையே வி.சி.ஏ.வைத் திறக்கட்டும். குமிழ் பூஜ்யம் என்றால் கடிகாரம் மாதிரி சீராக அடிக்கும். கொஞ்சம் ஏற்றினால் ஒரு மூச்சு நீளம், ஒரு மூச்சு குட்டை. இன்னும் ஏற்றினால் யாரோ யோசித்து யோசித்துப் பேசுவது போலிருக்கும். இதை ஓடவிட்டுக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நாற்பது நிமிஷம் கழித்துத் தலை தூக்கினால் அது இன்னும் அதே வாக்கியத்தை முடிக்காமல் இருக்கும்.

பதிவு செய்யும்போது அளவு பாருங்கள். மாட்யூல் ஒலி உச்சியிலிருந்து அடி வரை 10 வோல்ட் போகும். வீட்டு ஒலிக்கருவிகளின் லைன் அளவு ஒரு வோல்ட் சுற்றுவட்டாரம். இடையில் அவுட்புட் மாட்யூல் வேண்டும், அது வரும்வரை நம் அட்டெனுவேட்டரை நன்றாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். நன்றாக வந்தால் அப்போதே பதிவு செய்துவிடுங்கள். நாளைக்கு அதே பேட்சைப் போட்டால் அதே ஒலி வராது, அறையின் சூடுகூட மாறியிருக்கும்.

என் நோட்டில் பேட்சுகளை எழுத ஒரு சுருக்கெழுத்து இருக்கிறது. ஒரு வரிக்கு ஒரு கேபிள்: எங்கிருந்து, அம்புக்குறி, எங்கே. குமிழ்களைக் கடிகார முள்ளாக எழுதுவேன்: கட்ஆஃப் 10 மணி, அட்டெனுவேட்டர் 8 மணி. 212 பேட்ச் எழுதியிருக்கிறேன். பக்கத்தோரத்தில் ஒரு சொல் மட்டும் கருத்து: "தவளை", "தூக்கம்", "வேண்டாம்". இரண்டு வருஷம் கழித்துப் புரட்டும்போது கேபிள் பட்டியலைவிட அந்த ஒரு சொல்தான் ஒலியை நினைவுக்குக் கொண்டுவருகிறது.

இரவு முடிக்கும்போது முதலில் வெளியீட்டுக் குமிழை இறக்குங்கள், அப்புறம் ஒலிபெருக்கியை அணையுங்கள், கடைசியாகப் பெட்டியை. வரிசை மாறினால் டப் என்று ஓர் அடி விழும், பக்கத்து அறை எழுந்துகொள்ளும். கேபிளை உருவும்போது ஒயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கைப் பிடித்து இழுங்கள். என் மிக்ஸரின் மூன்றாவது ஜாக் ஆடுவது, தூக்கக் கலக்கத்தில் ஒயரைப் பிடித்து இழுத்த ஓர் இரவால்தான்.